எண்ணெய் குடித்த கல்

அத்தியாயம் 11

ஆறு மாதமாக அந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒருவர் மாமனார், மற்றவர் மருமகள். ஆனாலும் பேச்சு என்னவோ நின்றபாடில்லை.

"யாராவது டீ போட்டா குடிக்கலாம்" என்று மாமனார் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்வார்.

"சர்க்கரை போடணுமா வேண்டாமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று மருமகள் கணவனிடம் சொல்வாள். மாமனார் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார்.

நடுவில் மாட்டிக்கொண்ட கணவன் பஸ் ஓட்டுகிறவன். "வெளியில டிரைவர், வீட்டுக்குள்ள கண்டக்டர்" என்று தன்னைத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வான். சிரிப்பதைத் தவிர அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

விஷயம் இதுதான். தையல் யூனிட்டில் மருமகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் மாமனார். அவர் அங்கே மெஷின் மெக்கானிக். எட்டு வருடம் அவள் காலர் தைத்தாள். ஒரு நிமிஷம் சும்மா நிற்காமல் சுழன்றுகொண்டே இருப்பாள் என்பதால் மெஷினுக்குள் நூலோடு சுற்றுகிற பாபினின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள், மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பாபின் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டிலேயே பீட்சா சுட்டு விற்கப் போகிறேன் என்றாள்.

"என் முகத்துக்காகக் கொடுத்த வேலை" என்றார் மாமனார்.

"உங்க முகத்துக்காக நான் சாகுற வரைக்கும் காலர் தைக்கணுமா?" என்றாள் அவள். வாய் தவறி வந்த வார்த்தை. ஆனால் வந்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

போன வாரம் பாபினுக்கு வந்த தொலைபேசி அழைப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் கேன்டீனில் பீட்சாவுக்கு ஒரு கவுன்ட்டர் திறக்கிறார்கள். மூன்று பேரைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். கேன்டீன் மேலாளர் மூன்று வீட்டுக்கும் நேரில் வந்து, அடுக்களையைப் பார்த்து, சுட்டதைத் தின்று பார்ப்பார். ஒருவருக்குத்தான் கவுன்ட்டர்.

பாபின் வீட்டுக்கு அவர் வரும் நாள் இந்தச் சனிக்கிழமை. நேரம் மாலை நான்கு.

---

மணி இரண்டே முக்கால். பாபின் ஓவனைப் போட்டாள்.

பீட்சா சுடுகிற கல் ஓவனுக்குள்ளேயே இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். விரல் தடிமனில் வட்டமான கல். அடிக்கடி எடுத்து வைத்தால் தவறி விழும். சூடான ஓவனில் குளிர்ந்த கல்லை வைத்தால் வெடிக்கும். அதனால் ஓவனோடு சேர்ந்தே அது சூடாக வேண்டும். முழுதாய் ஒரு மணி நேரம் சூடேறினால்தான் மேலே விழுகிற மாவின் அடி நொடியில் இறுகி மொறுமொறுப்பாகும்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. முதல் கல்லை உடைத்து, இரண்டாவது கல்லில் கற்றுக்கொண்டாள்.

"உன் மகாராஜா முழிச்சாச்சா?" என்று வந்தான் கணவன். காலை ஷிப்ட் முடித்துக் குளித்திருந்தான். கல்லுக்கு அவன் வைத்த பெயர் 'முகம் கழுவாத மகாராஜா'. சோப்புப் போடாமல், தண்ணீரில் ஊறவைக்காமல், ஆறிய பிறகு தகட்டால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து வைப்பாள். கல் முழுக்கக் கறுப்பும் பழுப்புமாய்க் கறை. கறை இருந்தால் பாதகமில்லை, ஈரம்தான் ஆகாது.

"கிண்டல் பண்ணாதீங்க. இன்னைக்காவது ஒழுங்கா வரணும்."

"நேத்து கிழிஞ்சதையே நினைச்சுக்கிட்டு இருக்கியா?"

நேற்று ஒத்திகை பார்த்தபோது, மாவைக் கல்லின் மேல் சறுக்கிவிடும் பலகையில் ஒட்டாமலிருக்க ரவை தூவ பாபின் மறந்துவிட்டாள். மாவு பலகையில் பாதி, கல்லில் பாதி என்று கிழிந்து, சீஸ் கல்லில் வழிந்து கருகியது. தரையில் உட்கார்ந்து அழுதாள். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

துணியை விலக்கி மாவு உருண்டைகளைப் பார்த்தாள். நான்கும் நன்றாக எழும்பியிருந்தன. தக்காளி விழுது, துருவிய சீஸ், துளசியைப் போல மணக்கும் இலைகள் எல்லாம் தயார். ஓவனுக்குள் மட்டும் அவள் எட்டிப் பார்க்கவில்லை. உள்விளக்கு கெட்டுப் போய் மாதக்கணக்காகிறது.

மூன்று மணிக்கு முதல் புகை வந்தது.

கதவின் ஓரத்தில் நீலமாய் ஒரு நூல் கிளம்பியது. சீஸ் மிச்சம் கருகுகிறது போல என்று நினைத்தாள். அடுத்த நிமிஷம் புகை கதவின் நாலு பக்கமும் வந்தது. திறந்தாள். முகத்தில் அடித்தது.

அந்த வாசனை அவளுக்குத் தெரியும். எட்டு வருடம் அவள் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டியிருந்த வாசனை. சூடேறிய மோட்டார் வாசனை. தையல் மெஷின் எண்ணெய்.

கல் தலையிலிருந்து கால்வரை ஒரே கறுப்பாய் பளபளத்தது. அதன் மேல் எண்ணெய் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"தள்ளு, தள்ளு!" கணவன் செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தான்.

"ஊத்தாதீங்க! வெடிச்சிடும்!"

அவன் கை அந்தரத்தில் நின்றது. பாதித் தண்ணீர் அவன் சட்டையில் கொட்டியது.

"அப்போ ஆறினதும் சோப்புப் போட்டுத் தேய்ச்சிடலாமா?"

"சோப்பையும் குடிச்சிடும். இது பீங்கான் இல்லங்க. பஞ்சு மாதிரி. உள்ள போனது போனதுதான்." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா வேலைதான் இது."

"அப்பா எதுக்கு..."

"பின்ன யாரு, எலி வந்து எண்ணெய் போட்டுட்டுப் போச்சா? இந்த வீட்டுல எண்ணெய்க் குப்பியைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரியறது யாரு?"

"ஏய், அவரு கோபக்காரர்தான். ஆனா கெடுக்கற ஆள் இல்ல."

"நாலு மணிக்கு ஆள் வர்றாங்கன்னு அவருக்குத் தெரியும். நீங்கதானே நேத்துச் சொன்னீங்க? தெரிஞ்சே பண்ணியிருக்காரு. நான் தோத்துத் திரும்பி வரணும், அவர் காட்டற மெஷின்ல உட்காரணும்!"

கணவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில், ஆறுதல் சொல்கிறவனைப் போலச் சொன்னான்.

"இங்க பாரு. இன்னும் இருபது நிமிஷம் எரியவிட்டா புகை தானா நின்னுடும். மேல பூண்டு, தக்காளி, சீஸ்னு போட்டா வாசனை யாருக்குத் தெரியப் போகுது? ஒரே ஒரு பீட்சாதானே? ஒரு துண்டு தின்னுட்டுப் போயிடுவாங்க."

சோதனை எப்போதும் கொம்பு முளைத்து வருவதில்லை. நம்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்களின் குரலிலும் வரும். பாபின் கல்லைப் பார்த்தாள். புகை உண்மையிலேயே குறைந்துகொண்டு வந்தது. கவுன்ட்டர், அதன் மேல் தன் கையால் எழுதிய பலகை, மதிய நேரத்து வரிசை எல்லாம் கண்ணுக்கு முன் வந்து போயின. ஒரே ஒரு துண்டு.

தினமும் காலையில் மாவில் கை வைக்கும் முன் அவள் கண்ணை மூடி ஒரு வரி சொல்வாள். 'கடவுளே, என் கையால யாருக்கும் கெடுதல் வரக்கூடாது.' இன்று காலையும் சொன்னாள். சொல்லி எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"வேண்டாங்க" என்று ஓவனை அணைத்தாள். "வாயில வைக்கிற பொருள்."

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது.

---

சனிக்கிழமை யூனிட்டில் அரை நாள். மெக்கானிக் செருப்பைக் கழற்றிப் போட்ட வேகத்தில் நேராக அடுக்களைக்கு வந்தார். புகையை அவர் கவனிக்கவில்லை. முப்பத்தோரு வருடமாக அந்த வாசனைக்குள் இருக்கிறவருக்கு அது வாசனையாகவே படவில்லை.

"கல்லு இப்போ ஒட்டாம வழுக்கிக்கிட்டுப் போகுதா?" என்றார்.

ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்லவில்லை, மகனைப் பார்த்தும் சொல்லவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

பாபினின் நாக்கு நுனியில் ஒரு சொல் தயாராக இருந்தது. 'திருப்தியா?' அதைத் துப்பத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, பிரிப்பதற்காகக் காத்திருக்கிறவரின் முகம் அது.

"நேத்து ஜன்னல் வழியாப் பாத்தேன்" என்றார் அவர், பேசிப் பழக்கம் விட்டுப் போனவரைப் போலத் தடுமாறிக்கொண்டு. "மாவு கிழிஞ்சு போச்சு. நீ கீழ உக்காந்து அழுதே. மெஷின்ல துணி கிழிஞ்சா எங்கியோ காஞ்சு கிடக்குன்னு அர்த்தம். நீயும் அந்தக் கல்லுக்கு ஒரு சொட்டுத் தண்ணிகூடக் காட்டறதில்ல. அதான் காலைல கிளம்பறதுக்கு முன்னாடி மூணு தரம் எண்ணெய் போட்டேன். போடப் போடக் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அம்மாடி! அவ்வளவு தாகம் அதுக்கு."

"எந்த எண்ணெய்ப்பா?" என்றான் மகன்.

"நல்ல எண்ணெய்தாண்டா. வெள்ளை எண்ணெய். வெள்ளைத் துணியில பட்டாக்கூடக் கறை பிடிக்காது. வாசனையே கிடையாது."

"சூடு படாத வரைக்கும் கிடையாதுப்பா. இது சாப்பாட்டுக் கல்லு. மெஷின் எண்ணெய் வயித்துக்கு ஆகுமா?"

மெக்கானிக் அப்போதுதான் சுற்றிப் பார்த்தார். திறந்த ஓவன், ஜன்னலில் திரண்டு நின்ற புகை, மகனின் நனைந்த சட்டை. மூக்கை உறிஞ்சினார். கண்கள் மெதுவாக மருமகளிடம் திரும்பின.

"நான்தான் கெடுத்துட்டேனா?"

அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

பாபின் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க மாமா."

கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. நெஞ்சு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மனசு முழுவதும் தெளிந்த பிறகுதான் நல்லது செய்ய வேண்டும் என்று காத்திருந்தால், தண்ணீர் கேட்டவர் தொண்டை வறண்டே போய்விடும். கை முதலில் செய்யட்டும், மனசு பின்னால் வரும்.

"அடுத்த தடவ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள்.

"பேசினாத்தானே கேக்க முடியும்?" என்றார் அவர், தம்ளரைப் பார்த்துக்கொண்டே.

கணவனுக்குச் சிரிப்பு வந்தது. நேரம் சரியில்லை என்று விழுங்கிக்கொண்டான். மணி மூன்று இருபத்தைந்து.

---

"கனமான இரும்புத் தட்டு ஒண்ணு இருக்கு. அதைக் கவுத்துப் போட்டுச் சுடறேன்" என்றாள் பாபின். "கல்லு மாதிரி வராது. ஆனா விஷம் இல்ல."

கணவன் இரண்டு கையிலும் தடித்த உறை மாட்டிக் கல்லை வெளியே எடுத்தான். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குத் தூக்கிப் போனான். சிமெண்ட் தரை ஈரமாக இருப்பதைக் கவனிக்கவில்லை. வைத்ததும் 'டப்'பென்று ஒரு சத்தம்.

உள்ளேயிருந்த இருவருக்கும் கேட்டது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டா?" என்று குரல் கொடுத்தாள் பாபின்.

"மூணு" என்றது வெளியேயிருந்து.

"சரி. அழறதுக்கு இப்ப நேரமில்ல. ஓவன் சுவத்தைத் துடைக்கணும், வாங்க."

துடைத்தார்கள். மூன்று பேரும் மூன்று துணியோடு. இரும்புத் தட்டை உள்ளே கவிழ்த்து வைத்து ஓவனை மறுபடி போட்டாள். மின்விசிறி, ஜன்னல், வாசல் எல்லாம் திறந்துவிட்டும் அந்த வாசனை விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது.

நான்கு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

கேன்டீன் மேலாளர் ஒல்லியான பெண்மணி. கண்ணாடி, தோளில் பை, கையில் அட்டை வைத்த நோட்டு. உள்ளே வந்ததும் முதலில் நின்றது அவர் கால் அல்ல, மூக்கு.

"என்ன எரியுது?"

"எரிஞ்சு முடிஞ்சிடுச்சு மேடம்" என்றாள் பாபின்.

"கல்லுல சுடுவேன்னு எழுதியிருந்தீங்களே, கல் எங்கே?"

"பின்னாடி இருக்கு. உடைஞ்சு போச்சு. சாப்பாட்டுக்கு ஆகாத எண்ணெய் அதுல இறங்கிடுச்சு. அதுல சுட்டு உங்களுக்குக் கொடுக்க மனசு வரல. இன்னைக்கு இரும்புத் தட்டுலதான் சுட முடியும்."

மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எப்படி இறங்கும்? உங்க அடுக்களையில எந்தப் பொருள் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

மாமனார் சுவரோரம் நின்றிருந்தார். 'இவர்தான் போட்டார்' என்று ஒரு விரலை நீட்டினால் போதும், பாதிப் பழி இறங்கிவிடும். பாபினின் விரல் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சிருக்கணும் மேடம். உள்ளே ஒரு தடவ பாத்திருந்தாப் போதும். பாக்காமலே ஓவனைப் போட்டேன். அது என் தப்பு."

மேலாளர் நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

"எழுதறதுன்னா முழுசா எழுதுங்கம்மா" என்றது ஒரு கரகரத்த குரல்.

மெக்கானிக் முன்னால் வந்தார். "எண்ணெய் போட்டது நான். நல்லதுன்னு நினைச்சுப் போட்டேன். இந்தப் பொண்ணுக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷமா எந்த மெஷின் நின்னாலும் ஓட்டறவங்க மேலதான் தப்புன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னைக்கும் அப்படியே எழுதிடுவீங்களோன்னு பாத்தேன். நின்னு பாத்துக்கிட்டு இருக்க முடியல."

மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சுடுங்க" என்றார்.

பாபின் பலகையில் ரவை தூவினாள். இன்று மறக்கவில்லை. மாவை விரல் நுனியால் விரித்து, விழுது தடவி, சீஸ் தூவி, பலகையை ஓர் அசைப்பு அசைத்துத் தட்டின் மேல் சறுக்கிவிட்டாள். கிழியாமல் போய் உட்கார்ந்தது. கல்லாக இருந்தால் ஏழு நிமிஷம். இன்று பன்னிரண்டு ஆயிற்று. தட்டு முழுதாய்ச் சூடேற நேரம் போதவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மேலாளர் ஒரு துண்டை எடுத்தார். தின்பதற்கு முன் திருப்பி அடியைப் பார்த்தார். வெளிறிப் போயிருந்தது. நுனி தொங்கியது. நிதானமாக மென்று தின்றார். இரண்டாவது துண்டும் எடுத்தார்.

"அடி வேகல."

"ஆமா மேடம்."

"மேல நல்லா இருக்கு. மாவு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அடி வேகல. வெந்திருக்குன்னு நான் எழுத முடியாது."

"எழுதாதீங்க மேடம்."

"காலையில பாத்த வீட்டுல நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு" என்றார் மேலாளர். இரக்கமில்லாமல் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நோட்டை மூடிப் பையில் வைத்தார். வாசல்படியில் நின்று திரும்பினார்.

"ஐயா, ஒரு நிமிஷம் வெளியில வர்றீங்களா?"

---

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட் தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை.

"அப்பா தலையாட்டறாரு" என்றான் கணவன். "ஆமான்னு ஆட்டறாரா, இல்லைன்னு ஆட்டறாரான்னுதான் புரியல."

"போயாச்சுங்க. கவுன்ட்டர் போயாச்சு" என்று பாபின் மீதித் துண்டுகளை மூடி வைத்தாள்.

மெக்கானிக் திரும்பி வந்தார். மேஜைக்கு முன் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு மூணு பேர் விஷயத்தையும் படிச்சு முடிவு பண்ணுவாங்களாம். அடி வேகலன்னு எழுதினா உடனே கழிச்சிடுவாங்களாம். ஏன் வேகலன்னு சம்பந்தப்பட்ட ஆள் நேர்ல வந்து சொன்னா, கேன்டீன் ஓவன்லயே இன்னொரு தடவ சுடச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம்னாங்க. பத்து பேர் உக்காந்திருப்பாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"வர்றேன்னுட்டேன். அப்புறம்தான் அந்தக் கட்டடம் யாரோடதுன்னு சொன்னாங்க." அவர் நிமிர்ந்தார். "எங்க யூனிட் முதலாளியோடது. முடிவு பண்றவரும் அவர்தான்."

கணவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ வேலையை விட்ட அன்னைக்கு அவர் என்னைக் கூப்பிட்டாரு" என்றார் மெக்கானிக், மருமகளிடம். "நாப்பது பேர் முன்னாடி. 'சொந்த மருமகளையே நிறுத்தி வைக்கத் தெரியல, நீ என் மெஷினை எப்படி ஓட வைப்பே'ன்னு கேட்டாரு. தலை குனிஞ்சு நின்னேன்."

பாபின் ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "ஆறு மாசமா ஏன் மாமா இதைச் சொல்லல?"

"கோபம் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல." என்றார் அவர். "ஆனா இதைச் சொன்னா நீ மறுநாளே திரும்பி வந்து மெஷின்ல உக்காந்திருப்பே. எனக்குத் தெரியும் உன்னை. அதுவும் எனக்குப் பிடிக்கல."

அவள் பேச்சில்லாத ஆறு மாதத்தையும் மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் அலறியது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது.

"முதலாளி" என்றார். "அதுக்குள்ள விஷயம் போயிடுச்சு போல."

"எடுக்காதீங்கப்பா" என்றான் மகன். "வேலைக்கே உலை வச்சிடுவாரு. யோசிச்சுப் பேசிக்கலாம்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக் மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். போனை மேஜையின் நடுவில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"சொல்லுங்க முதலாளி" என்றார். "என் மருமகளும் பக்கத்துலதான் இருக்கா."